கிளிஞ்சல்மேட்டு மணலில் எத்தனை பேருக்கு கேலரி கட்டலாம்?

காரைக்கால் கடலோர மீனவ கிராமங்களில் ஒன்று கிளிஞ்சல்மேடு. பெயரிலேயே கிளிஞ்சலும் இருக்கிறது, மேடும் இருக்கிறது. இந்தக் கரையில் மேடு என்பது சாதாரண விஷயம் இல்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதுபோன்ற ஊர்களில் கூட்டத்தைத் தீர்மானிப்பது கடல்தான். தொழிலுக்குப் போகும் நாள்களில் மாலை ஆட்டத்துக்குப் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள்தான் மிச்சம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் விசைப்படகுகள் 61 நாள்கள் கரையில் நிற்கும். அப்போது வாலிபால் ஆடவும் ஆள் உண்டு, சுற்றி நின்று பார்க்கவும் ஆள் உண்டு.

சரி, இங்கே ஒரு விளையாட்டு அரங்கம் கட்டினால் எத்தனை பேருக்குக் கட்டுவது? கூட்டம் நிறைந்த நாளைக் கணக்கில் வைத்தால், மற்ற நாள்களில் கேலரி காலியாகக் கிடக்கும். ஆள் வராவிட்டாலும் உப்புக்காற்று தினமும் வரும், கம்பியை அரிக்கும். சாதாரண நாளைக் கணக்கில் வைத்தால், போட்டி நாளில் பெண்களும் பெரியவர்களும் உட்கார இடமின்றித் திரும்புவார்கள்.

இதற்கு விடை காரைக்காலுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது, வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பார்கள். அன்று தெருதான் அரங்கம், மொட்டை மாடிதான் கேலரி! மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்காகத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வருகிறார். மீனவர்கள் 'மாப்பிள்ளை' என்று கொண்டாடும் பெருமாள் அவர். அன்றைக்கு மணலில் பந்தல் எழும். விழா முடிந்தால் மறுபடி வெறும் மணல்.

2022 கால்பந்து உலகக் கோப்பைக்குக் கத்தார் கட்டிய '974' ஸ்டேடியமும் ஒருவகைப் பந்தல்தான். கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, சுமார் 44,000 பேர் அமரும் வகையில், பிறகு கழற்றி எடுக்கும்படி வடிவமைத்தார்கள்.

ஆக, கேலரி லாரியில் வந்து போகலாம். சமன்படுத்திய மைதானம், விளக்கு, குடிநீர், கழிப்பறை, நெரிசல் இல்லாமல் வெளியேற அகலமான வழி... இவைதான் நிரந்தரமாக வேண்டும். இவற்றை ஒரே நாளில் கொண்டுவந்து இறக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை இந்தக் கரை பார்த்ததை யாரும் மறக்கவில்லை. இங்கே ஒரு கட்டடத்துக்கு வரக்கூடிய மிகப் பெரிய கூட்டம், ரசிகர் கூட்டம் இல்லை. புயல் இரவில் பிள்ளைகுட்டிகளோடு ஓடிவரும் மொத்த ஊர்!

அதனால், உள்விளையாட்டு அரங்கம் கட்டினால் உறுதியான தூண்கள் மேல் உயர்த்திக் கட்டலாம். அகலமான படியும், முதியோருக்குச் சாய்தளமும் வைக்கலாம். தினமும் 20 பிள்ளைகள் கேரம், பேட்மின்டன் ஆடட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் வலையைச் சுருட்டி, பாய் விரித்துக்கொள்ளலாம்.

திருவிழாக் கூட்டம் வரும் தேதி காலண்டரிலேயே இருக்கிறது, பந்தல் போட நேரம் கிடைக்கும். கடல் அனுப்பும் கூட்டம் தேதி சொல்லிக்கொண்டு வராது. அதற்கான மேட்டை முன்பே கட்டிவைக்க வேண்டும்.