மானிட்டர் இல்லாத கணினி வகுப்பு

மதுரை அரசரடிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாடியில் பார்வையற்றோருக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். படியேறும்போது இடதுகைப் பக்கச் சுவர் மட்டும் பெயின்ட் தேய்ந்து வழவழவென்று இருந்தது. மேலே நீளமான ஒரே அறை, பத்துப் பதினைந்து பேர். மேசைகளில் கீபோர்டும் ஹெட்போனும் ஒயர்களும் கிடக்கின்றன. மானிட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் அணைந்தபடி மூலையில்.

“மானிட்டர் எங்கேன்னு தேடுறீங்களா சார்?” என்றார் பயிற்சி கொடுப்பவர். கல்லூரிப் பையன் முதல் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் வரை அங்கே எல்லோருக்கும் அவர் ‘அக்கா’தான். “பார்வை உள்ளவங்க வந்தா காட்டுறதுக்கு ஒண்ணு வச்சிருக்கோம். மத்ததெல்லாம் வச்சா கரண்டு பில்லுக்குத்தான் ஆகும்.” அக்காவுக்கும் பிறவியிலேயே பார்வை இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது மானிட்டரைத்தானாம்.

அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தான் ஒரு பையன். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர், பிளஸ் டூ முடித்தவன். அவனுக்கு நடந்த முதல் பாடத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். மௌஸைப் பற்றிப் பேச்சே இல்லை. அக்கா அவன் விரலைப் பிடித்து இன்சர்ட் கீயில் வைத்தார். “இதை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே எஃப் 12.” ஹெட்போனில் மணி சொல்லியிருக்க வேண்டும், பையன் சிரித்தான். “ரெண்டு தடவை தட்டு.” இப்போது தேதி. அடுத்து கன்ட்ரோல் கீ. பேசிக்கொண்டிருக்கும் குரலை அது சட்டென்று நிறுத்தும். “பேச வைக்கிறது பெருசில்ல தம்பி. இது வாயை மூட வைக்கத் தெரியணும். இல்லாட்டி நாள் பூரா பேசிக்கிட்டே இருக்கும்.”

பேசுவது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். திரையில் எழுத்தாக இருப்பதைக் குரலாக்கித் தரும் மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் 2006-ல் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். திரைவாசிப்பான் ஒன்றின் விலை கணினியின் விலையையே தாண்டிய காலத்தில், யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். இந்த அறையில் இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதற்கு அந்த ஒரு முடிவு பெரிய காரணம். நன்கொடையாக வந்த பழைய கணினிகளிலும் அது ஓடிவிடுகிறது.

கொஞ்சம் தேறியவர்கள் அடுத்த வரிசையில் இணையத்தில் உலவிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கத்தை மேலிருந்து கீழே வரிவரியாகக் கேட்பதில்லை. ஹெச் தட்டினால் தலைப்புக்குத் தலைப்பு தாவும், கே தட்டினால் இணைப்புக்கு இணைப்பு, ஈ என்றால் நிரப்ப வேண்டிய கட்டம், பி என்றால் பட்டன். நாம் கண்ணை மேயவிட்டு வேண்டியதைப் பொறுக்குகிற மாதிரி இவர்கள் விரலால் பொறுக்குகிறார்கள். தலைப்பைத் தலைப்பாகக் குறிக்காமல் வெறுமே எழுத்தைப் பெரிதாக்கித் தடித்துவிட்டிருந்தால் ஹெச் அங்கே நிற்காது. கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் பக்கம் காதுக்கு மொட்டைச் சுவராக இருக்கலாம்.

ஒரு கல்லூரி மாணவி தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். அந்தக் காலத்து டேப் ரெக்கார்டரில் பாட்டை முன்னே ஓட்டும்போது கீச்சென்று வருமே, அந்தச் சத்தம். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. “தமிழ்தான் சார், நியூஸ் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள். வேகத்தைப் பாதியாக்கி, அதிலும் பாதியாக்கிய பிறகுதான் எனக்கு வாக்கியம் புரிந்தது. ஈஸ்பீக் என்ற இலவசக் குரல் அது, எந்திரத்தனமான கட்டைக் குரல். மனிதக் குரலுக்கு நெருக்கமாக இழைவாகப் பேசும் குரல்களும் வந்துவிட்டன. பழகியவர்கள் கட்டைக் குரலை விடுவதில்லை. எவ்வளவு விரட்டினாலும் அதில் எழுத்து குழம்பாதாம். ஹெட்போனையும் ஒரு காதில்தான் மாட்டுகிறார்கள். இன்னொரு காது அக்காவுக்கு.

கேட்டே எல்லாம் படித்துவிட முடியுமா என்று கேட்டேன். அக்காவிடம் அதற்குத் தயாராகப் பதில் இருந்தது. சுவரோர அலமாரியில் தடித்தடியாகப் பிரெய்ல் புத்தகங்கள். இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951-ல் ஏற்கப்பட்ட பாரதி பிரெய்லில் அச்சானவை. ஒரு பாடப்புத்தகம் நாலைந்து தொகுதியாக விரிந்திருக்கிறது. “இடத்தை அடைக்குதுன்னு எடுத்துப்போடச் சொல்றாங்க. நான் விட மாட்டேன். காதாலேயே படிச்ச பிள்ளைங்க பேப்பரை வாங்கிப் பாருங்க, ல, ள, ழ எல்லாம் ஒண்ணுதான். இந்தக் குரலுக்கும் அதுல வித்தியாசம் பெருசா வராது. எழுத்தைத் தொட்டுப் படிச்சவனுக்குத்தான் எழுத்து மனசுல நிக்கும்.” பிரெய்ல் தெரியாமல் வருகிறவர்களை அம்புக்குறி கீயால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி, சொல்லைப் பிரித்துக் கேட்கச் சொல்கிறார். புதுக் கருவி வந்துவிட்டது, பழையதைத் தூக்கிப் போடு என்று ஊரெல்லாம் பேசும் பேச்சுக்கு இந்த அலமாரி நல்ல மறுப்பு என்று எனக்குப் பட்டது.

தட்டச்சுக்குத் தமிழ்99. சென்னையில் 1999-ல் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த விசைப்பலகை. உயிரெழுத்து இடதுகைப் பக்கம், மெய்யெழுத்து வலதுகைப் பக்கம். எந்தக் கீபோர்டிலும் எஃப், ஜே என்ற இரண்டு கீகளில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும்படி சின்ன மேடு இருக்கும். தமிழ்99-ல் எஃப் இருக்கும் இடத்தில் புள்ளி, ஜே இருக்கும் இடத்தில் ப. “மேட்டுல புள்ளி, அந்த மேட்டுல பகரம். அங்கேருந்து எண்ணிக்கிட்டே போ.” மகரத்தை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டினால் முதல் மகரத்துக்குப் புள்ளி தானே விழுந்துவிடும் என்பதால் ‘அம்மா’வுக்கு நாலே தட்டு. உடைந்துபோன கீபோர்டுகளை அக்கா எறிவதில்லை. வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார், எதிலும் செருகாமல் மடியில் வைத்து விரலைப் பழக்கிக்கொள்ள.

இவ்வளவும் கைக்கு வந்தபிறகு படிக்க என்ன இருக்கிறது என்று பார்க்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தேர்வாணையக் குரூப் 4-க்குத் தயாராகும் அந்த மாணவியின் டவுன்லோடு ஃபோல்டரில் பிடிஎஃப்கள் குவிந்து கிடந்தன. வாட்ஸப் குழுக்களிலும் டெலிகிராமிலும் வந்து விழுந்தவை. ஒன்றைத் திறந்தாள். “எம்ப்டி” என்றது குரல். அடுத்ததும் எம்ப்டி. நான் மூலை மானிட்டரை அந்தக் கணினியில் மாட்டச் சொல்லிப் பார்த்தேன். பக்கம் முழுக்கத் தமிழ், தெளிவான அச்சு. யாரோ புத்தகத்தை போனில் படம் பிடித்து அடுக்கியிருக்கிறார்கள். எனக்கு அது பாடம், திரைவாசிப்பானுக்கு வெறும் படம். படத்தை எழுத்தாக மாற்றும் கருவியில் போட்டால் ஓரளவு வருகிறது. கூடவே ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் சாய்வாகப் பதித்திருக்கும் ‘எங்கள் குழுவில் இணையுங்கள்’ என்ற விளம்பரமும் பாடத்துக்கு நடுவே எழுத்தாகிவிடுகிறது. மௌரியப் பேரரசு, எங்கள் குழுவில் இணையுங்கள், அசோகர், எங்கள் குழுவில் இணையுங்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இதைவிட மோசமான ஒன்றை அடுத்த மேசைப் பையன் காட்டினான். ஒரு பதிப்பாளரிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கிய வேர்டு கோப்பு. படம் இல்லை, எழுத்துத்தான். திறந்தவுடன் குரல் ஏதோ உளறியது. அம்புக்குறியால் ஒவ்வொன்றாக நகர்த்தினான். “ஜே. கே. பி. ஓ. செமி.” மானிட்டரில் பார்த்தால் கொட்டை எழுத்தில் ‘தமிழ்’ என்று இருக்கிறது! பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் வேலை இது. ஆங்கில எழுத்துக்கே தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுவார்கள். போர்வை நம் கண்ணுக்கு மட்டும்தான். கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஜே-யும் கே-யும்தான். தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடைத் தரமாக அறிவித்துத் தமிழக அரசு 2010-லேயே ஆணை போட்டாயிற்று. அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருதான் ஓடுகிறது, பக்கம் அழகாக உட்காருகிறதாம். எழுத்துருவை மாற்றித்தர இலவசமாகவே கருவிகள் இருக்கின்றன, சில நிமிட வேலை. செய்து அனுப்ப யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சட்டம் ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்தின்படி, பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவுக்கு ஒரு நூலை லாப நோக்கில்லாமல் மாற்ற உரிமையாளரின் அனுமதி வேண்டியதில்லை. அப்படி மாற்றிய நூல்கள் நாடு விட்டு நாடு போக வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்றதும் இந்தியாதான். ‘சுகம்ய புஸ்தகாலய’ என்று இணையத்தில் ஒரு நூலகமும் 2016 முதல் இருக்கிறது. எல்லாம் இருந்தும், படமாகக் கிடக்கும் தமிழை எழுத்தாக்கக் கை வேண்டியிருக்கிறது.

நடுவில் அந்த மாணவி என்னைக் கூப்பிட்டாள். “சார், ஒரு நிமிஷம் கண்ணு குடுங்க.” ஏதோ விண்ணப்பம், கடைசியில் கோணல்மாணலாக எழுத்துகள் நெளியும் கேப்ட்சா. படித்துச் சொன்னேன். அவள் அடித்து முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது என்று வேறு படம் வந்து நின்றது. டிஜிட்டல் சேவைகளை எட்டுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்து 20 வழிகாட்டுதல்களும் கொடுத்தது. அந்தத் தீர்ப்பை இவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நெளியும் எழுத்து இன்னும் நெளிந்துகொண்டுதான் இருக்கிறது.

போன் பாடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாக்பேக் என்ற திரைவாசிப்பானை முடுக்கிவிட்டால் போனும் இப்படித்தான் பேசுகிறது. வந்தவர்களில் பாதிப் பேர் அதை வீட்டிலேயே பழகிக்கொண்டுதான் வருகிறார்கள். திரையை இருட்டாக்கி வைத்தே பணம் அனுப்புகிறார்கள், பக்கத்திலிருந்து யாரும் எட்டிப் பார்க்க முடியாது. அவர்களுடைய ஒரே வேண்டுகோள், வாட்ஸப்பில் வணக்கப் படங்களை வரிசையாகத் தட்டிவிடுகிறவர்களுக்கு. “ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ், ஃபோல்டட் ஹேண்ட்ஸ்னு அது சொல்லி முடிக்கிறதுக்குள்ள டீ ஆறிரும் சார்.”

ரயில்வே ஐயா கடைசி மேசையில். கிளாக்கோமா. ஐம்பதைத் தாண்டியபிறகு பார்வை ஓரத்திலிருந்து குறுகிக்கொண்டே வந்து முழுக்கப் போய்விட்டது. வாசிப்புப் பழக்கம் உள்ள மனிதர், இங்கே வரும்வரை மூன்று வருடம் ஒரு புத்தகம் கிடையாது. “பிரெய்ல் பழகலாம்னா விரல்ல சொரணை இல்ல, ஸ்பேனர் பிடிச்ச கை.” காதால் முதலில் படித்தது ‘பொன்னியின் செல்வன்’. மதுரைத் திட்டத்தில் எழுத்தாகவே கிடைத்தது. 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்தபடி தொடங்கிய திட்டம் அது. உலகில் எங்கெங்கோ இருப்பவர்கள் கூலியில்லாமல் தட்டச்சு செய்து சேர்த்தது. மதுரை என்று பேர் வைத்திருக்கிறார்களே, எந்தத் தெரு என்று இவர் விசாரித்தாராம்.

இப்போது அவரும் அந்த வேலையில் இறங்கிவிட்டார். படமாக இருக்கும் பழைய நூல்களைக் கருவியில் போட்டு எழுத்தாக்கி, பிழை திருத்தி, வகுப்புக்குக் கொடுக்கிறார். நான் போனபோது ஒரு பயண நூல் ஓடிக்கொண்டிருந்தது. “இந்த வரியைப் பார்த்துச் சொல்லுங்க” என்று மானிட்டரை இழுத்து மாட்டச் சொன்னார். ‘அவர்கள்’ என்றிருந்தது. சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

“நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. அவர் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் ஓடவிட்டார். குரல் “அவா கள்” என்றது. அம்புக்குறியை நகர்த்தினார். வகரத்துக்குத் துணைக்கால் போட்டு, அந்தக் காலின் தலையில் புள்ளி வைத்திருக்கிறது கருவி. அவா்கள். ரகரமே அங்கே கிடையாது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்று. செய்தித் தளங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் இந்தப் பிழை மலிந்து கிடக்கிறது என்றும், தேடு கட்டத்தில் ‘அவர்கள்’ என்று முறையாக அடித்துத் தேடினால் அந்த வரிகள் அகப்படாது என்றும் விளக்கினார். “உங்களுக்குக் கண்ணு இருக்கு, அதான் தெரியல” என்றார், கிண்டல் இல்லாமல்.

பிறகு கன்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்துத் தட்டி, காலும் புள்ளியும் வந்த இடத்திலெல்லாம் ரகரத்தையும் புள்ளியையும் போடச் சொல்லி எண்டர் அடித்தார். இருநூற்றுச் சொச்சம் இடத்தில் மாற்றியதாகக் குரல் சொன்னது. அக்கா அந்தப் பக்கமிருந்து, “ஐயா, முடிஞ்சதா? குரூப் 4 பிள்ளைக்கு அந்த வரலாறு நோட்ஸை இன்னைக்கே எடுத்துக் குடுங்க, அதுல விளம்பரம் வேற நிறைய இருக்கு” என்றார். ஐயா பயண நூலைச் சேமித்து மூடிவிட்டு மௌரியப் பேரரசைத் திறந்தார்.