இறுகிய போல்ட்

சைக்கிள் ஓட்டும் பெண்ணை எங்கள் வள்ளியூர்ப் பக்கம் இப்போது யாரும் நின்று பார்ப்பதில்லை. சைக்கிளைக் கழற்றும் பெண்ணை நின்று பார்க்கிறார்கள்.

முதல் பார்வை தானாக மாறிவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். கல்குவாரிக் கூலிகளும் விவசாயக் கூலிகளும் ஆசிரியைகளும் ஏறி மிதித்தார்கள். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய அரசின் இலவச சைக்கிள் திட்டம் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது என்பது இன்னும் ஆண்கள் கையில்தான் இருக்கிறது. வண்டி நிற்கும் நாளில்தான் ஓட்டும் உரிமையும் பேச்சுக்கு வருகிறது.

அண்ணன் மகள் கல்லூரி முதலாண்டு படிக்கிறாள். பின்பக்கம் ஷாக் அப்சர்பர் வைத்த கியர் சைக்கிள் அவளுடையது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்தில் நனைந்தது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று, காற்றாலைகளைச் சுற்றுவதோடு புழுதியையும் அள்ளிவந்து சந்துபொந்தெல்லாம் அடைத்தது. ஒருநாள் ஷாக் அசையவே மறுத்தது. பள்ளத்தில் விழுந்தால் அடி முதுகுத்தண்டில் ஏறியது.

“கெட்டுப்போச்சுல்லா, ஒதுக்கிப் போடு. இனி பஸ்ல போவட்டும்” என்றார் அண்ணன். பஸ் என்றால் ஐந்து மணிக்குள் வீடு. நூலகம் கிடையாது, தோழி வீடு கிடையாது. மைனி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “மிக்ஸி கெட்டா மட்டும் அன்னைக்கே கடைக்குத் தூக்கிட்டு ஓடுதியளே?”

கடைக்கும் கொண்டுபோனோம். போல்ட்டைத் திருகிப் பார்த்த மெக்கானிக், “இது வராது டீச்சர். நல்ல பலம் வேணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, பாப்போம்” என்றார். எத்தனை நாள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவரிடமே ஸ்பேனரை வாடகைக்குக் கேட்டோம். வாடகை வாங்காமல் கொடுத்தார், சிரித்துக்கொண்டு.

பலம் என்ற சொல்லை வைத்து எத்தனை வேலைகளை நம்மிடமிருந்து ஒதுக்கியிருக்கிறார்கள்! இறுகிய போல்ட்டின் கதை வேறு. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை எடுத்துக்கொள்ளும். போல்ட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள குழலுக்கும் இடையே இருந்த முடியளவு இடைவெளியும் அப்படித்தான் அடைபடுகிறது. அங்கே முதல் தேவை எண்ணெயும் நேரமும். துருவிளக்கும் எண்ணெயை இரண்டு ராத்திரி விட்டோம். மூன்றாம் நாள் வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஷாக் மேல் பாரம் இல்லாமல் செய்தோம். ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகினாள் அவள். பிடி நீண்டால் அதே கை அதிகமாய்த் திருப்பும். முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். ‘டக்’கென்று நட்டு விட்டது. அதை மூன்று சுற்று மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகத் தட்டினோம். நேராக அடித்தால் போல்ட்டின் மரை நசுங்கிவிடும். போல்ட் நகர்ந்ததும் நட்டை எடுத்துவிட்டு, ஒரு கம்பியை வைத்துத் தட்டி வெளியே தள்ளினோம்.

ஷாக்கை எடுத்தபின், பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்தை அவள் மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். தடையில்லாமல் ஆடியது. அப்படியானால் பழுது ஷாக்கில் மட்டும்தான். அதைப் பிரித்துப் பார்க்கத் துடித்தவளைத் தடுத்தேன். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் முகத்தில்தான் அடிக்கும்.

புதியதை நாகர்கோவிலில் ஒரு கடையில் போனில் கேட்டாள். “வீட்டுல ஆம்பளைய யாராவது இருந்தா பேசச் சொல்லும்மா” என்றது மறுமுனை. அவள் குரல் உயரவில்லை. “வளையத்துக்கு வளையம், நடுவுல இருந்து நடு, 165 மில்லிமீட்டர். போல்ட் 8. ஸ்பிரிங்ல 750ன்னு போட்டிருக்கு” என்றாள். சற்று அமைதி. “இருக்கும்மா” என்றது அதே குரல்.

அந்த மூன்று எண்கள்தான் பேச்சை மாற்றின. தமிழில் முனைவர் பட்டம் வாங்கிய எனக்குச் சங்கப் பாடல்களில் தேரின் உறுப்புகளுக்குப் பெயர் தெரியும். வீட்டு முற்றத்தில் நிற்கும் சைக்கிளில் புஷ் எது, பிவட் எது என்று அன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. பெயரும் அளவும் தெரியாதவள் கடைக்காரரிடம் “அந்தப் பின்னாடி இருக்குமே, அது” என்றுதான் கேட்க முடியும். அப்படிக் கேட்பவளிடம் விலையும் நாளும் அவர் வைத்ததுதான். அறிவொளி காலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் ரேகை வைத்தவளின் நிலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

புதிய ஷாக்கை மாட்டக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. போல்ட்டுக்கு அவளே கிரீஸ் தடவினாள். அடுத்த மழைக்கு முன்னும் தடவ வேண்டும். அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பஸ் பாஸ் பேச்சு அதோடு நின்றது.

பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் நாளில் ஒரு ஸ்பேனர் செட்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். டியூப் ஒட்டவும் செயின் மாட்டவும் போல்ட் கழற்றவும் ஒரு பிற்பகல் வகுப்பு எடுக்கலாம். பெரிய செலவில்லை. அதுவரை, படிக்கிற பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு ஸ்பேனரும் ஒரு டப்பா கிரீஸும் வாங்கி வையுங்கள். அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.