அறிமுகக் கடிதம்

நாவல் எழுதுகிறவர்கள் ஒரு பாத்திரத்தைச் சட்டென்று கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். அவர் யார், எந்த ஊர் என்பதைப் பத்துப் பக்கம் கழித்துச் சொன்னாலும் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒரு காலத்தில் இந்தச் சலுகை இருந்தது என்று அறிந்தபோது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவர் 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சி’ மொழியில் ஹெடர் கோப்பு என்று ஒன்று உண்டு. அது ஓர் அறிமுகக் கடிதம். ‘இன்ன பெயருடைய வேலைக்காரர் இன்னதை வாங்கிக்கொண்டு இன்னதைத் திருப்பித் தருவார்’ என்று அதில் எழுதியிருக்கும். கடிதம் இல்லாமல் ஒருவர் வந்தால்? 1989-ல் வகுத்த தரம்கூட அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ‘இவர் தருவது ஒரு முழு எண்ணாகத்தான் இருக்கும்’ என்று தானாகவே நினைத்துக்கொண்டு உள்ளே விட்டது.

பெருந்தன்மைதான். ரிட்சி வேலை செய்த பி.டி.பி.-11 கம்ப்யூட்டரில் முழு எண்ணுக்கும் 16 பிட். நினைவகத்தில் ஓர் இடத்தின் விலாசத்துக்கும் 16 பிட். ஒன்றை மற்றொன்றாக எண்ணினாலும் குடி முழுகிவிடவில்லை. பின்னால் 64 பிட் இயந்திரங்கள் வந்தன. விலாசம் 64 பிட் ஆயிற்று. பெரும்பாலானவற்றில் முழு எண் மட்டும் 32 பிட்டிலேயே நின்றது. நினைவகத்தில் இடம் பிடித்துத் தரும் ‘மாலாக்’ என்பவரைக் கடிதமில்லாமல் கூப்பிட்டால், அவர் தரும் விலாசத்தில் பாதி அறுந்து போகும். பாதி விலாசத்தை வைத்துக்கொண்டு தபால்காரர் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவார்?

1999-ல் தரக் கமிட்டியார் இந்தச் சலுகையை நீக்கினார்கள். கம்பைலர்களுக்கோ மனம் வரவில்லை. ஜி.சி.சி. என்ற புகழ்பெற்ற கம்பைலர் பல ஆண்டுகள் எச்சரித்துவிட்டு உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. 2024-ல் வந்த 14-ம் பதிப்பில்தான் கதவைச் சாத்தியது.

உடனே வேறொரு சங்கடம் முளைத்தது. மென்பொருளை நிறுவுமுன் சில சிறு சோதனைப் புரோகிராம்கள், ‘இந்த வசதி இங்கே உண்டா?’ என்று பார்ப்பது வழக்கம். அவற்றிலேயே சில, ஹெடர் இல்லாமல் எழுதப்பட்டவை. கம்பைலர் மறுக்கவே, ‘வசதி இல்லை’ என்று முடிவு கட்டிவிடும். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார். வந்தவரிடம் கடிதம் இல்லை. ‘ஆள் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார். சத்தம் போடாத பிழை இது.

இருந்தாலும் கண்டிப்பு வேண்டும் என்பதே என் கட்சி. எல்லாரும் ஒரே தெருவில் குடியிருந்தவரையில் முகம் பார்த்து நம்பலாம். ஊர் பெரிதாகிவிட்டது. ஆனால் 25 ஆண்டு விட்டுக்கொடுத்த பிறகு சாத்துகிற கதவுக்கு வெளியே, பழைய நம்பிக்கையில் வந்து நிற்கிறவரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதியவர் காலமாகியிருக்கலாம். அவருக்காக ஒரு கடிதம் எழுதித் தர வேண்டியவர், இன்று அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான்.