பெயர் கேட்டுப் பிரிந்தவர்களின் நிறுவனம்

வீடியோ விளையாட்டு நிறுவனமான அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் 1979இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஆக்டிவிஷன், விளையாட்டுக் கருவியைத் தயாரிக்காமல் பிறர் கருவிக்கான விளையாட்டுகளை மட்டும் ஆக்கி விற்ற முதல் தனி நிறுவனமாகும். விற்பனைக்கேற்ற ஊதியமும் ஆக்கியவர் என்ற பெயரும் மறுக்கப்பட்டதாலேயே அவர்கள் பிரிந்தனர் என்பதால், விளையாட்டின் கையேட்டிலேயே வடிவமைப்பாளரின் பெயரும் புகைப்படமும் அச்சிடப்பட்டன.

திவால் நிலைக்குச் சென்று மீண்ட இந்நிறுவனம், 2008இல் பிரெஞ்சு நிறுவனமான விவெண்டியின், பிளிசார்டை உள்ளடக்கிய விளையாட்டுப் பிரிவோடு இணைந்து ஆக்டிவிஷன் பிளிசார்ட் ஆயிற்று. ஆண்டுதோறும் புதிதாக விற்கப்படும் ஆக்டிவிஷனின் கால் ஆஃப் டியூட்டி வருமானத்தோடு, மாதச் சந்தா செலுத்தி இணையத்தில் பலர் கூடி ஆடும் பிளிசார்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டு தந்த நிலையான வருமானமும் சேர்ந்ததே அவ்விணைப்பின் உண்மையான பயன். 2013இல் விவெண்டியிடமிருந்த பெரும்பாலான பங்குகள் திரும்ப வாங்கப்பட்டன. 2016இல் கேண்டி கிரஷ் வெளியிட்ட கிங் நிறுவனம் 590 கோடி டாலருக்கு வந்து சேர்ந்தது.

இறுதியில் மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு முழு நிறுவனத்தையும் வாங்க முன்வந்தபோது, பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் முதலில் தடுத்து, இணையவழி ஒளிபரப்பாக ஆடும் உரிமைகள் யூபிசாஃப்டுக்கு மாற்றப்பட்ட பின்னரே இசைந்தது. இந்த உரிமை மாற்றம் கண்துடைப்பு அன்று எனினும், ஆணையத்தின் அக்கறை சந்தையோடு நின்றுவிட்டது; ஊழியர்களைத் தொடவில்லை. 2023 அக்டோபரில் கைமாறிய மூன்றே மாதங்களில், மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலையிழந்தனர். பிளிசார்ட் உருவாக்கிவந்த புதிய விளையாட்டொன்றும் அத்தோடு கைவிடப்பட்டது.