குரலை நம்பிய தொழில்: ஜெஞ்சாரோம் முதல் செந்தூல் வரை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழில் பாடுகிறவர்களுக்கு முதல் மேடை பெரும்பாலும் கோயிலில்தான் கிடைக்கிறது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் உள்ள ஜெஞ்சாரோமை வெளியூர்க்காரர்கள் சீனப் புத்தாண்டின்போது தோங் சென் புத்த ஆலயத்தில் ஒளிரும் விளக்குகளுக்காக அறிவார்கள். ஊரைச் சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தமிழர் வாழ்ந்த தோட்டம் என்றால் அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும். ஆண்டுத் திருவிழா இருக்கும். திருவிழா இரவில் இசைக்குழு வந்து பாடும். அதற்கும் முன்னால், பள்ளிப் பருவத்திலேயே, மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் போட்டி பிள்ளைகளுக்குக் காத்திருக்கிறது. வட்டாரத்தில் தொடங்கித் தேசிய அளவுவரை போகும் அந்தப் போட்டி, பண் பிசகாமல் ஓதுவதையும் லகர, ளகர, ழகரங்களைத் தெளிவாகச் சொல்வதையும் சிறு வயதிலேயே பழக்கிவிடுகிறது. பாடகராக வர நினைக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல அடித்தளம் இந்த வட்டாரத்தில் வேறில்லை.

திருவிழா மேடையின் பின்புறம் நின்று பார்த்தால், பாட்டு தொடங்குவதற்கு முன்பே இந்தத் தொழிலின் முக்கியமான வேலை நடந்து முடிவது தெரியும். கூடாரத்துக்கு அப்பால் ஜெனரேட்டர் உறுமுகிறது. சாம்பிராணிப் புகை மேடைவரை வருகிறது. கீபோர்டுக்காரர் தலை நிமிராமல் கேட்கிறார்: “தங்கச்சி, எத்தன கட்ட?”

“அஞ்சு வைங்கண்ணே. சரணம் மேல போகுது. அஞ்சரை வச்சா கத்துற மாதிரி ஆயிடும்.”

ஒரு பொத்தானை அழுத்தியதும் சுருதி அரைக் கட்டை இறங்குகிறது. ஒரு கட்டை என்பது மேற்கத்திய முறையில் ‘சி’. ஐந்து கட்டை ‘ஜி’. ஆறு கட்டை ‘ஏ’. ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைகளிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைகளிலும் பாடுவார்கள். கச்சேரி மேடையில் பாடகர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தாமே வைத்துக்கொள்ளலாம். டூயட்டில் அது முடியாது. இருவரும் ஒரே சுருதியில் நின்றாக வேண்டும், அதனால் யாராவது ஒருவருக்குத் தொண்டை கட்டும். மேடையில் தம் குரலே தமக்குக் கேட்கும்படி மானிட்டர் ஸ்பீக்கரை வைக்கத் தெரிந்த ஒலியமைப்பாளர் அமைந்துவிட்டால் பாதிச் சிரமம் தீரும். கேட்காதபோது பாடகர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார். இரண்டு மணி நேரத்தில் குரல் கம்மிவிடுகிறது.

ஒலிபெருக்கி வராத காலத்தில், தமிழ்நாட்டு நாடக மேடையில் இந்தச் சிரமம் இன்னும் கடுமை. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கியபோது, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் எட்டும்படி பாடக்கூடிய சிறுவர்களே, பாய்ஸ் கம்பெனிகள் எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுக்களின் முதலீடு. சாப்பாடு, தங்குமிடம், பாட்டு, வசனம், அடி எல்லாம் கம்பெனியிலேயே கிடைத்தன. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் அந்தப் பையனின் நிலை ஒரே மாதத்தில் மாறிவிடும். குரல் மீண்டவர்கள் ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஆனார்கள். மீளாதவர்கள் பக்கவாத்தியத்துக்கோ சில்லறை வேடத்துக்கோ போனார்கள். உச்சஸ்தாயியில் ஊரையே கட்டிப்போட்ட நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு வயது 27. அவருடைய மனைவி கே.பி. சுந்தராம்பாள் நாடகத்திலிருந்து திரைக்கு வந்து, 1935-இல் வெளியான ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பெற்றார்.

கம்பெனிகள் மங்கிய பின்னும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்தில் ‘ஸ்பெஷல் நாடகம்’ நிலைத்தது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தமாகிறார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் ஒன்றாக ஆடியிராதவர்கள்கூட அன்றிரவு மேடையில் சந்தித்து, விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ ஆடி முடிக்கிறார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொதுச் சொத்தாக இருப்பதால்தான் இது நடக்கிறது. நாடக நடிகர் சங்கங்கள் இருப்பதால் நாடகம் கேட்டு வரும் ஊர்க்காரருக்கு எங்கே போய்க் கேட்பது என்பதும் தெரிகிறது.

மலாயாவிலும் அப்படி ஒரு நாடகத் தொழில் இருந்தது. 1870-களில் இந்தியாவிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்து உருவானது பங்சாவான் என்ற மலாய் மேடை நாடகம். 1885-இல் மாமாக் பூஷி என்பவர் பினாங்கில் இந்திரா பங்சாவான் குழுவை அமைத்தார். சம்பளக்காரக் கலைஞர்களோடு ஊர் ஊராகப் போன இக்குழுக்கள், காட்சிக்கும் காட்சிக்கும் இடையே திரையை இறக்கிவிட்டு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பாட்டும் ஆட்டமும் வைத்தன. நல்ல குரலுக்குத் தனிப் பெயரும் தனிக் கூலியும் அங்கேதான் கிடைத்தன. 1930-களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ் இயக்கிய ‘லைலா மஜ்னுன்’, பங்சாவான் நடிகர்களை வைத்தே எடுத்த மலாய்ப் படம். போருக்குப் பிறகு திரைப்படம் வளர, பங்சாவான் ஒடுங்கியது.

இன்றைய கிள்ளான் பள்ளத்தாக்கில் பயிற்சிக்குக் குறைவில்லை. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981-இல் தொடங்கிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸின் ஜாலான் பெர்ஹாலாவில் வாய்ப்பாட்டும் வாத்தியமும் நடனமும் கற்பிக்கிறது; பெரிய நாட்டிய நாடகங்களையும் மேடையேற்றுகிறது. கலையை அர்ப்பணிப்பாகக் கொண்ட நிலையம் அது. மாணவர்களும் தொண்டர்களும் சேர்ந்தே அந்த மேடைகளை உருவாக்குகிறார்கள். தொழிலாகப் பாட விரும்புகிறவர் பிறகு வேறு வாசல்களைத் தட்ட வேண்டும். 1999-இல் திறந்த தேசிய அரங்கமான இஸ்தானா புடாயாவில் 2006-இல் ‘புத்ரி குனோங் லேடாங்’ இசைநாடகம் பெரும் கூட்டத்தை ஈர்த்தது. செந்தூலில் ரயில்வேயின் பழைய கட்டடம் 2005-இல் கேஎல்பேக் அரங்கமானது. ரயில்வே பட்டறையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் உழைத்த பகுதி அது. இவ்வகை அரங்குகளில் இசைநாடகம் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடக்கிறது.

அங்கே நுழையும் தமிழ்ப் பாடகருக்குக் கைவந்த சில வித்தைகள் இடைஞ்சலாகின்றன. கமகத்தில் ஊறிய குரல், கூட்டுக்குரலில் ஒரே ஸ்வரத்தில் அசையாமல் நிற்கப் பழக வேண்டும். ஆடிக்கொண்டே பாட மூச்சைப் பங்கிட வேண்டும். ஆடிஷன் எனும் குரல் தேர்வுக்குப் போனால், பாட்டின் பதினாறு அல்லது முப்பத்திரண்டு ‘பார்’ நீளத்துக்குள் ஒரு பாத்திரத்தைக் காட்டிவிட வேண்டும். இரண்டு பாணியையும் கற்றவருக்கு வேலை கூடுகிறது. பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள் என்பது வழக்கம். அந்த அளவுக்குக் குரலைக் காப்பது ஓட்டப்பந்தய வீரரின் ஒழுக்கத்தைப் போன்றது. தூக்கம், தண்ணீர், தேவையற்ற பேச்சைக் குறைப்பது எல்லாம் வேலையின் பகுதிதான்.

சென்னைக்குப் போவது இன்னொரு வழி. மலேசியாவில் பிறந்து, இங்குள்ள தமிழ் நாடகங்களில் நடித்துப் பழகிய மலேசியா வாசுதேவன் அப்படிப் போய், 1977-இல் வந்த ‘16 வயதினிலே’ படத்தால் பெயர் பெற்றார். பாட்டுக்குள் நடிக்கும் அவருடைய திறமைக்கு அந்த நாடக அனுபவமும் ஒரு காரணம் என்றே சொல்லத் தோன்றுகிறது. மாறாக, ராப் பாடகர் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பை மலேசியாவிலேயே செய்து, தமிழ் ராப் பாட்டைத் தமிழ்நாடுவரை கொண்டுசேர்த்தார்கள். மின்னல் பண்பலையும் ராகா வானொலியும் இருப்பதால் உள்ளூர்ப் பாட்டுக்கு ஒலிபரப்பு வழியும் உண்டு.

வருமானம்தான் கடினமான பகுதி. தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழாக்கள், தீபாவளி விருந்துகள், திருமண வரவேற்புகள் என்று வேலை நாள்காட்டியைப் பிடித்துக்கொண்டே வருகிறது. இடையில் வெறும் வாரங்கள். எனவே பகலில் அலுவலகமும் இரவில் மேடையுமாக வாழ்கிறவர்கள் பலர். திரைப்பாடலை மேடையில் பாடினால் அன்றைய கூலியோடு கணக்கு முடிந்தது. 1989 முதல் இயங்கும் இசைப் பதிப்புரிமை அமைப்பான எம்ஏசிபி வசூலிக்கும் உரிமத்தொகை, பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் போகிறது. பாடியவருக்கு அதில் பங்கில்லை. சொந்தப் பாட்டு எழுதி, இசையமைத்து, பதிவு செய்பவருக்கே நாளைக்கும் ஏதாவது வரும். இளம் பாடகர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்.

சொந்தத் தொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2020-இல் கலைத்துறைக்கும் விரிந்தது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பதிந்து சந்தா கட்டும் பாடகருக்கு, மேடைப் பலகை சரிந்து கால் முறிந்தால் உதவி உண்டு. ஆனால் ஆண்டு முழுவதும் சம்பளம் கொடுத்து, ஒத்திகைக்கு இடம் கொடுத்து, நடிகரும் பாடகரும் வாத்தியக்காரரும் ஒன்றாக வளரும் தமிழ் இசைநாடகக் குழு இங்கு வேரூன்றவில்லை. பாய்ஸ் கம்பெனியின் அடி வேண்டாம். அதன் சாப்பாட்டுப் பந்தியும் தினசரிப் பயிற்சியும் வேண்டும். குரல்கள் இருக்கின்றன, அரங்குகள் இருக்கின்றன, டிக்கெட் வாங்கும் குடும்பங்களும் இருக்கின்றன. அத்தகைய குழுவுக்கு முதல் இரண்டு மூன்று ஆண்டுச் சம்பளத்தை ஏற்க யாராவது முன்வர வேண்டும்.