ஓர் உலை, இரண்டு இலை

எங்கள் வீட்டில் உண்பவர் இருவர்தாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். இருவருக்குச் சமைப்பதில் என்ன சிரமம் என்று கேட்பவர்கள், எங்கள் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கும் இரு தாள்களைப் பார்த்ததில்லை. எங்களில் ஒருவருக்கு 18 ஆண்டுகளாக நீரிழிவு. மற்றவருக்கு 2021 முதல் சிறுநீரகக் கோளாறு. ஒரு தாள் பரிந்துரைப்பதை மறுதாள் அடித்துவிடும். கேழ்வரகும் முழுப்பயறும் முதலாமவருக்கு நல்லவை. அவற்றிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரசும் இரண்டாமவருக்கு ஆகாதவை. தீட்டிய அரிசிச் சோறு இவருக்குத் தொல்லையில்லை. அவருக்கு அதுதான் முதல் தொல்லை.

தொடக்கத்தில் இரண்டு சமையல் செய்தோம். ஆறே வாரத்தில் அலுத்துவிட்டது. அடுத்தவர் தட்டைப் பார்த்தபடி உண்பது ஏதோ மருத்துவமனைக் கூடத்தில் அமர்ந்திருப்பது போலவும் இருந்தது.

பொதுவான ஒன்றைத் தேடினோம். உப்பைக் குறைக்க வேண்டியது இருவருமே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. ஆகவே, கடையில் சோடியம் குறைந்த உப்பைக் கண்டதும் மகிழ்ந்து வாங்கினோம். இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 5.9 என்று வந்தது. ஐந்தைச் சுற்றி நின்றிருக்க வேண்டியது. வாழைப்பழம், இளநீர், தக்காளி என்று ஒவ்வொன்றாக விசாரித்த மருத்துவர் கடைசியில், "என்ன உப்பு போடறீங்க?" என்றார்.

வீடு திரும்பி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொட்டலத்தைப் படித்தோம். குறைத்த சோடியத்தின் இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருந்தது. அச்சிட்டதில் பொய்யில்லை; படிக்காதவர்கள் நாங்கள். 2025 ஜனவரியில் இவ்வகை உப்பைப் பரிந்துரைத்த உலக சுகாதார நிறுவனம்கூட, சிறுநீரகக் கோளாறு உள்ளோரை விலக்கியே சொன்னது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று அன்றுதான் அறிந்தோம். யார் வாங்கியது என்ற பேச்சு எங்களிடையே இதுவரை எழவில்லை, எழாமல் பார்த்துக்கொள்கிறோம்.

இப்போது ஒரே உலைதான். உப்பு போடாமல் சமைத்து இறக்குகிறோம்; சாதாரண உப்பை அவரவர் அளவுக்குத் தட்டில் சேர்த்துக்கொள்கிறோம். காயைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். காய் வெந்த தண்ணீரில்தான் சத்து என்று எங்கள் தாய்மார் சொன்னது முற்றிலும் உண்மை; வடிக்க வேண்டியிருப்பதும் அதனால்தான். வடித்த நீரும் வீணாவதில்லை. மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்தால், சிறுநீரகம் நன்றாயிருப்பவருக்கு அது ரசம். புளிக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு சில துளிகள். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை மூன்றிலும் கஞ்சத்தனம் கிடையாது. உப்பில்லாத குறையை ஓரளவு மறைப்பது தாளிப்புதான்.

சுரை, புடல், கோவை ஆகியவை இரு தாள்களிலும் இடம்பெற்ற காய்கள். இளமையில் நாங்கள் இருவருமே தட்டோரம் ஒதுக்கியவை இவைதாம். பொரியல் ஒன்றே, ஒருவர் தட்டில் அது சோற்றைவிட மிகுந்திருக்கும், மற்றவர் தட்டில் சோறு மிகுந்திருக்கும்.

நேற்று ஊரிலிருந்து நாத்தனார் வாழைப்பூ கொடுத்தனுப்பியிருக்கிறார். வாழையின் பெயரைக் கேட்டாலே எங்களுக்கு 5.9 நினைவுக்கு வருகிறது. இரண்டு முறை வடித்தால் இரண்டாமவருக்கும் ஒரு கரண்டி ஆகுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதுவரை பூ ஈரத்துணிக்குள் இருக்கிறது.