வீட்டுச் சோறு

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு. ஜித்தா

சவூதியை விட்டு ஒரேயடியாகக் கிளம்ப ஃபைனல் எக்ஸிட் வந்துவிட்டது. 1997-ல் இங்கே இறங்கியபோது, மூன்று வருடத்தில் திரும்பிவிடுவேன் என்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். அதனால் ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு வேண்டும். எனக்கு இரண்டு பெண்கள். மூன்று வருடம் 27 வருடமானதற்கு இது ஒன்றே காரணம். வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் எங்கள் ஊர்ச் சபராளிகளில் பாதிப் பேரின் கதையும் இதுதான்.

கம்பெனியில் சர்வீஸ் பணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார்கள். சவூதிச் சட்டப்படி முதல் 5 வருடத்துக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். அதற்குமேல் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். ஆக மொத்தம் இருபத்து நாலரை மாதச் சம்பளம். ராத்திரி ரூமில் படுத்தபடி இன்னொரு கணக்குப் போட்டேன். 1999-ல் முதல் லீவில் கல்யாணம். அதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மொத்தம் 13 லீவு. இத்தனை வருடத்தில் என் மனைவியோடு ஒரே வீட்டில் இருந்தது 26 மாதம். விடிய விடியத் தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன். செந்தூர் எக்ஸ்பிரஸ்

நேற்று சாயங்காலம் எழும்பூரில் ஏறினேன். இரண்டு பெட்டி, ஒரு ஜம்ஜம் தண்ணீர் கேன். திருநெல்வேலி தாண்டியதும் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டேன். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்த வண்டி சுமார் 800 பயணிகளோடு இங்கேதான் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையெல்லாம் வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

அன்று காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் பெய்த மழை 95 சென்டிமீட்டர். "தண்ணி வாசப்படி ஏறிடுச்சு" என்று மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அறுந்தது. பிறகு இரண்டு நாள் அந்த வீட்டின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை. வேலைக்கும் போகாமல், ரூமில் அந்த ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பேசியபோது அவள் அழவில்லை. "பத்திரம், பிள்ளைகள் சர்டிபிகேட் எல்லாம் மாடிக்கு ஏத்திட்டேன், கவலைப்படாதீங்க" என்றாள். இனிமேல் ஜித்தாவில் இருக்கக் கூடாது என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன்.

ஆகஸ்ட் 12, திங்கள். காயல்பட்டினம்

காலையில் பேங்குக்குப் போனேன். ஊரோடு வந்துவிட்டால், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றியாக வேண்டும். வட்டிக்கு இருந்த வரிச் சலுகையும் அதோடு போகும். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போது மனசு கனத்தது. அது பணத்துக்காக இல்லை. இத்தனை வருடம் இந்த ஊரில் என் அடையாளமே அந்தக் கணக்குத்தான்.

சாயங்காலம் கடற்கரையில் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். எல்லாரும் கேட்டது, "காக்கா, எத்தனை நாள் லீவு?" ஃபைனல் எக்ஸிட் என்றதும் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அவருடைய மகன் ரியாத்தில் இருக்கிறான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

இன்று தப்புச் செய்துவிட்டேன். அரிசி டிரம், மாவு டப்பா, மிக்ஸி எல்லாம் மாடி அறையில் இருக்கின்றன. எது வேண்டுமென்றாலும் அவள் படியேறி இறங்குகிறாள். நல்லது செய்வதாக நினைத்து, அவள் பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் கீழே இறக்கி அடுக்கி வைத்தேன். முடுக்கு வழியாகத் திரும்பி வந்தவள் அடுக்களையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மாவு டப்பாவைத் தூக்கிக்கொண்டு மறுபடி படியேறினாள்.

பின்னாலேயே போனேன். மாடிச் சுவரோடு ஒட்டி ஒரு கட்டில். வெள்ளம் வந்த அந்த ராத்திரி மாமியையும் சின்ன மகளையும் இந்தக் கட்டிலில் உட்கார வைத்து, கீழே கிடந்த அரிசியைக் குடம் குடமாக மேலே ஏற்றினாளாம். கீழே விட்ட சாமான் எதுவும் மிஞ்சவில்லை. "மழைக்காலம் வருதுல்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மிக்ஸியை நான் தூக்கிக்கொண்டு வந்து வைத்தேன்.

இந்த வீட்டுக்குப் பணம் அனுப்பியது நான். நடத்தியது அவள். சபர் போன குடும்பங்களில் இதுதான் உண்மை. ஊருக்குத் திரும்புகிறவர்கள் எவ்வளவு சேர்த்தோம், என்ன தொழில் வைக்கலாம் என்றெல்லாம் யோசிக்கிறோம். நாம் இல்லாமலே நன்றாக நடந்துகொண்டிருக்கிற வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று யோசிப்பதில்லை. நுழைகிற அன்றே அதிகாரம் செய்யக் கூடாது. முதலில் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டும். 25 வருடம் தனியாகச் சுமந்தவளுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லீவில் வரும்போதெல்லாம் தினமும் விருந்துதான். நெய்ச்சோறு, களறிக் கறி, அடுத்த நாள் பிரியாணி. இருக்கப்போவது அறுபது நாள் என்பதால் அறுபது நாளும் அவள் அடுப்படியில்தான் நின்றாள். இந்த முறையும் ஒரு வாரத்துக்கு மேல் அப்படியே போனது.

இன்று ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தேன். சோறு, புளியாணம், பொரித்த சாளை. அவளும் ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "தினமும் கறி ஆக்க முடியாது. இனிமே இப்படித்தான்" என்றாள். சாளையைப் பிய்த்து, முள் எடுத்து, புளியாணத்தில் பிசைந்து சாப்பிட்டேன். லீவில் வந்தவனுக்கு யாரும் இந்தச் சோற்றைப் போடமாட்டார்கள்.

கை கழுவும்போது சொன்னாள்: "காலையில ஏழு மணிக்கு மீன்காரம்மா வாசலுக்கு வரும். நாளைக்கு நீங்க நின்னு வாங்குங்க."

"எதைப் பார்த்து வாங்கணும்?"

"செவுளைத் தூக்கிப் பாருங்க. செக்கச்செவேல்னு இருக்கணும்."

அலாரம் ஆறரைக்கு வைத்திருக்கிறேன்.